வறுக்கக் கூடாத உப்பு

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம், ஆசிரியர் பயிற்சிக்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை பஸ்ஸில் கிளம்பினேன். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனக்கு அன்று முழுப்பகலும் ஆனது.

முண்டியம்பாக்கத்தில் ஏறிய விவசாயி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில், துணியில் சுற்றிய செங்கல் அளவு வெள்ளைக் கட்டி. என் கையிலிருந்த வேதியியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"உப்பு வாத்தியாரே. திண்டிவனத்து சம்பந்தி குடுத்தாரு. சிமிட்டி கலந்துட்டாரு போல, கல்லாட்டம் ஆயிப்போச்சு. நேராவே கேக்கப் போறேன்."

எங்கள் பக்கத்தில் ரசாயன உரத்துக்கும் உப்பு என்றுதான் பெயர். மூட்டையில் எழுதியிருந்த பெயரைக் கேட்டேன்; இது அமோனியம் நைட்ரேட். சுமார் முப்பத்திரண்டு டிகிரியில் அதன் படிக அடுக்கு மாறும். வகுப்பில் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைப்பதுபோல: பிள்ளைகள் அவர்களேதான், வரிசை வேறு, பெஞ்சில் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். நம் கோடையில் பகலுக்கு ஒரு வரிசை, இரவுக்கு ஒரு வரிசை. ஈரமும் சேர்ந்தால் தூள் கட்டியாகிவிடும். சம்பந்தி மேல் தப்பில்லை என்றேன்.

"அப்ப சரி. மீதி மூட்டைய ஊட்டுக்காரி வெல்லக் கொப்பரையில கொட்டி வறுக்கறேன்னா. ஈரம் போயிடும்ல?"

சாப்பாட்டு உப்பு ஈரமானால் வறுப்பார்கள். இதை வறுத்தால் உருகும். மேலும் சூடேறினால் நச்சுப் புகையாகச் சிதையும், வெடிக்கவும் கூடும். சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"இன்னாய்யா, இப்பத்தான ஏறுன?" என்றார் கண்டக்டர்.

"ஊட்ல அடுப்பு எரியுதுப்பா. ஜல்தியா நிறுத்து."

விக்கிரவாண்டியில் நானும் அவரோடு இறங்கி, எதிரே வந்த லாரியில் திரும்பினோம். அவர் வீட்டுக் கூரைக்கு மேல் புகை தெரிந்ததும் ஓடினார்.

கொப்பரையில் இருந்தது நிலக்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. பக்கத்திலேயே வாய் அவிழ்த்த உர மூட்டை. அவர் விறகை வெளியே இழுத்துப் போட்டார்.

"மல்லாட்டை வறுபடறதுக்குள்ள ஏன்யா அடுப்பப் புடுங்கற? சம்பந்தி சண்டை அதுக்குள்ள முடிஞ்சிப்போச்சா?" என்றார் மனைவி.

வறுத்தால் வெடிக்கும் என்று சொல்லி மூட்டையைத் தள்ளி வைத்து, கட்டியில் ஒரு துண்டைப் பானைத் தண்ணீரில் போடச் சொன்னேன். கரையக் கரையப் பானை குளிர்ந்தது. அந்த அம்மா புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"நெருப்புல வெடிக்குமாம், தண்ணியில சில்லுன்னு ஆவுது. இதுக்குப் போயி உப்புன்னு பேரு வச்சானுங்களே."

இப்போது இந்தச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோடையில் காலை பஸ் என்றால் இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. கிராமத்தில் யாராவது உப்பு என்றால், எந்த உப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மாலை பஸ்ஸில் நான் மட்டும் கிளம்பினேன். பாதி வறுபட்ட மல்லாட்டையை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார் விவசாயி, சம்பந்தியிடம் சேர்க்கச் சொல்லி.