இரண்டாவது ஊசி

அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா அவரைவிட நாலு வயது சின்னவள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருவரும் இருந்தார்கள். நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கண்டோன்மென்ட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் காலை பதினோரு மணிக்கு ஃபோன் செய்து மூன்று கேள்வி கேட்பேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டாச்சா, அப்பாவுக்கு ஊசி போட்டாச்சா. ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்பாள் அம்மா. நானும் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

அப்பாவுக்கு விரல்கள் நடுங்கும். அதனால் ஆறு வருஷமாக அவருக்கு இன்சுலின் போடுவது அம்மாதான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று டாக்டரே அவளைப் பாராட்டியிருக்கிறார்.

அன்றைக்கு நான் கூப்பிட்டபோது அம்மாவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்பாவின் எண்ணுக்குப் போட்டேன். அம்மாதான் எடுத்தாள். அப்பா எங்கே என்றேன்.

"தூங்குறாரும்மா. கூப்பிட்டேன், எழுந்திருக்கலை. சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கு. ஃபேனைக் கூட்டி வெச்சிருக்கேன். தூங்கட்டும்."

அப்பா பகலில் தூங்குகிறவர் இல்லை. ஆனால் என்னைப் பயமுறுத்தியது அது மட்டும் இல்லை, அம்மாவின் குரல். எனக்குக் காய்ச்சல் வந்தாலே பதறுகிறவள், மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரி இதைச் சொன்னாள்.

108க்குச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டு மாமியைக் கூப்பிட்டேன். ஆட்டோவில் ஏறிக்கொண்டே டாக்டரைப் பிடித்தேன். சர்க்கரை இறங்கியிருக்கலாம், நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றிவிடக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈறில் கொஞ்சம் சர்க்கரையைத் தடவச் சொல்லுங்கள் என்றார். மாமியிடம் அப்படியே சொன்னேன். "நான் இவர் பக்கத்துலயே இருக்கேன். நீங்க பதறாம வாங்கோ" என்றார் மாமி. பின்னால் அம்மா என்னவோ கேட்பது காதில் விழுந்தது. மாமிக்குக் காபி போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

காவிரிப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. சமயபுரத்துக்கு நடந்து போகிற கூட்டம் மஞ்சள் புடவையும் மேளமுமாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கி ஓடலாமா என்று இரண்டு தடவை ஆட்டோவுக்கு வெளியே காலை வைத்தேன். அப்பா இல்லாத வீட்டுக்குத்தான் போய்ச் சேரப்போகிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கையில் இருந்த ஃபோனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

லிஃப்ட் பழுது. நான் போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியில் கட்டி மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. கையில் குளுக்கோஸ் ஊசி குத்தியிருந்தது. சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கு என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிச் சரிபார்த்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் அப்பா கண் திறந்தார். என்னைப் பார்த்து, ஆபீஸ் இல்லையா என்றார். அவர் போர்வையை இழுத்துவிட்டேன். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, மருந்து இரட்டிப்பாகப் போயிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். அதற்கு வாய்ப்பே இல்லை, அம்மா அவ்வளவு கவனமானவள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து இன்சுலின் பேனாவை எடுத்தாள்.

"அப்பாவுக்கு இன்னும் ஊசி போடலைம்மா. நேரமாச்சு. உள்ள விடுவாங்களா, கேளு."

அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். நான் போடச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்பாவிடம் கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். இரண்டு மாதமாகவே இப்படித்தானாம். ஊசி போட்டு அரை மணியில் மறுபடியும் பேனாவோடு வந்து நிற்பாளாம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள். முதல் தடவை, இப்பதானே போட்ட என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் முகம் வெளிறிப்போய், அன்று முழுக்கச் சாப்பிடவே இல்லையாம். அதற்கப்புறம் இவர் சட்டையைத் தூக்கிக் காட்டிவிடுவார். போட்டுக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் பிஸ்கட் தின்று சரிக்கட்டுவார். போன மாதம் அவர் தலையணைக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட்டைக் கண்டுபிடித்து, சர்க்கரை வியாதிக்காரர் செய்கிற வேலையா என்று நான் கத்தியிருந்தேன். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

அன்று பிஸ்கட் தீர்ந்திருந்தது. லிஃப்ட் இல்லாததால் கடைக்கு இறங்க முடியவில்லை. சமையலறையில் அம்மா திரும்பிய நேரம் பார்த்து இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டிருக்கிறார். அது போதும் என்று நினைத்திருக்கிறார்.

"உயிர் போயிருக்கும்ப்பா" என்றேன்.

"மறந்துட்டேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டாம்மா. நான் ஒரு ஊசி கூடத் தாங்க மாட்டேனா?"

எனக்குக் கோபம் வந்தது. கூடவே, தினமும் மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஃபோனை வைத்த என்மீதும் வந்தது. நான் ஒரு தடவைகூட, காலையில் என்ன டிபன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் தடுமாறியிருப்பாள். எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அம்மாவைப் பரிசோதித்த டாக்டர், மறதி நோயின் ஆரம்பம் என்றார். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த முடியாது. அதை அப்பாவே அவளிடம் சொன்னார், இரண்டாவது ஊசியைப் பற்றியும் சேர்த்து. அவள் அசையாமல் கேட்டாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "இனிமே என் கையில அதைக் கொடுக்காதீங்க" என்றாள். மூன்றாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவர்கள் என் வீட்டுக்கு அடுத்த தெருவில், தரைத்தளத்தில் இருக்கிறார்கள். காலையும் மாலையும் ஒரு நர்ஸ் வந்து ஊசி போட்டு நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார். ஊசி மருந்து என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கேஸ் அடுப்புக்கு, தானாக அணைகிற கருவி மாட்டியாயிற்று. அம்மா தனியே வெளியே போனால் தெரிய, வாசல் கேட்டுக்கு மணி கட்டியாயிற்று.

இனிமேல் எதையும் மறைக்க மாட்டேன் என்று அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அவளுக்காக அடுத்ததாக எதை விழுங்கப்போகிறாரோ, எனக்குத் தெரியாது. மதிய இடைவேளையில் போய் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுகிறேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, என்ன தேடுறே என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.