ஒடியாத ஸ்ப்ரிங்

1. துரையின் பிஸ்டல்

பிஸ்டல் முதன்முதலாக என் மேஜைக்கு வந்தபோது அது நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தது. எல்லாச் சங்கடமும் அதில்தான் தொடங்கியது.

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஃபாக்டரியை ஒட்டிய பட்டறையில் நான் ஃபிட்டர். சொந்த ஊர் பெருமாட்டி. சித்தூரில் பள்ளிப் படிப்பை முடித்தேன். தென்னைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டு உட்கார மனம் ஒப்பவில்லை, மலை ஏறிவிட்டேன். இயந்திரம் என்று எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். அதனால் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை தன் பிஸ்டலைச் சுத்தம் செய்ய அனுப்பியபோது நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சாமான். குண்டு வெடித்ததும் மேல்பாகம் பின்னால் ஓடிக் காலித் தோட்டாவை வெளியே எறியும். இந்த மேல்பாகத்தை ஸ்லைடு என்போம். அதை மறுபடி முன்னால் தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றி, கதவைச் சாத்துவது போலச் சாத்துவது ஒரு சுருள் ஸ்ப்ரிங். பெரிய பிஸ்டலில் அந்த ஸ்ப்ரிங் நீளமாக, சாவகாசமாக வேலை செய்யும். சின்னதில் இடம் கிடையாது. குட்டை ஸ்ப்ரிங் ஒவ்வொரு வெடிக்கும் முழுக்க நசுங்கி எழ வேண்டும். ஆகவே சீக்கிரம் களைத்துவிடும்.

துரை ஞாயிறுதோறும் பங்களாவுக்குப் பின்னால் பிஸ்கட் டின்களை வைத்துச் சுடுவார். பிஸ்டலைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் குதிரைக்காரர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். துரை சவாரி செய்யும் சாம்பல் நிறப் பெட்டைக்குதிரைக்குத் துரை வைத்த பேர் வேறு, இவர் கூப்பிடுவது தாயி என்று. துரை சுட்ட காலித் தோட்டாக்களைப் பொறுக்குவதும் இவர் வேலைதான்.

"ஒண்ணு சொல்லுதேன் தம்பி," என்றார் அன்று. "முன்னெல்லாம் இது தெறிச்சா காலடியில கெடக்கும். இப்ப ரோசாச் செடிக்கு அங்கிட்டுப் போயித் தேடிப் பொறுக்குதேன். துரைக்குப் பெலம் கூடிப்போச்சோ?"

"துரைக்குக் கூடலீங்க. ஸ்ப்ரிங்குக்குக் கொறஞ்சு போச்சுங்க," என்றேன்.

காலித் தோட்டா வழக்கத்தைவிடத் தூரமாக விழுந்தால், ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் பலம் ஸ்ப்ரிங்கில் இல்லை என்று அர்த்தம். இது முதல் அடையாளம். கழற்றிப் பார்த்தேன். ஸ்லைடு பின்னால் போய் இடிக்கும் இடத்தில் இரும்பு பளபளவென்று நசுங்கியிருந்தது. இது இரண்டாவது. மறுபடி பூட்டி, தோட்டா ஒன்றும் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, ஸ்லைடை இழுத்து மெல்ல விட்டேன். நல்ல ஸ்ப்ரிங் கடைசிவரை தள்ளிக்கொண்டுபோய் மூடும். இது நகக்கண் அளவு மிச்சம் வைத்து நின்றுவிட்டது. விரலால் தட்டிய பிறகே மூடியது. இதற்கு மேல் ஒரு அடையாளம் தேவையில்லை.

புது ஸ்ப்ரிங்குக்கும் பஞ்சமில்லை. பிஸ்டல் வாங்கியபோதே கூடுதலாக ஒன்று மதராஸிலிருந்து வந்து ஸ்டோர் ரூம் அலமாரியில் இருந்தது.

2. ஸ்டோர் ரூம் சட்டம்

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் கல்பாத்தி ஐயர். நல்ல மனுஷர். ஆனால் ஸ்டோருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒடிந்த சாமானைக் கொடுத்தால்தான் புதுச் சாமான். அரமும் போல்ட்டும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில் துரையே போட்ட சட்டம் அது. அதன் பிறகு களவு நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

"ஒடிஞ்சுதோ?" என்றார் ஐயர்.

"ஒடியலீங்க சாமி. தளந்து போச்சுங்க."

"தளந்துதுன்னா? என் முட்டிகூடத் தளந்துடுத்து. துரை புதுசு மாத்தித் தருவாரோ?"

"சாமி, அலமாரியில இருக்கறத எடுத்து இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இது எத்தன குட்டையாப் போச்சுன்னு தெரியுமுங்க."

பெரிய மனது பண்ணி எடுத்து வைத்தார். பழசு இரண்டு சுற்று குட்டை. ஐயர் குனிந்து பார்த்தார்.

"குட்டைதான். இல்லேங்கலை. ஆனா முழுசா இருக்கே அப்பனே. முழுசா இருக்கறதை வாங்கிண்டு புதுசைக் குடுத்தேன்னா, நாளைக்கு ஃபாக்டரியே இங்க வந்து நிக்கும். ஒடிச்சுண்டு வா, ஒடனே தரேன். அதாக்கும் இங்கத்தெ சட்டம்."

துரையிடமே போனேன். அவர் பிஸ்டலை வாங்கி இரண்டு டின்களைச் சுட்டார். இரண்டும் விழுந்தன.

"வேலை செய்யுது," என்றார் தன் தமிழில். "ஒடஞ்சா மாத்து. சட்டம் எனக்கும் சட்டம்." அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தான் போட்ட விதிக்குத் தானும் அடங்குகிறோம் என்ற பெருமை. அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

இதைக் கேட்டுச் சுடலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். தாயிக்குப் பிடரிமயிர் வாரிக்கொண்டிருந்தார் அப்போது.

"இதுக்கா இம்புட்டு நடை? கல்லு மேல வச்சு ஒரு போடு போடும். ரெண்டாப் போயிரும். ஐயரு கேட்டதும் அதத்தான?"

"அது பொய்யாப் போயிருமுங்க. ஒடியாமலே ஒரு சாமான் தீந்துபோகும்னு அவிய ஒத்துக்கோணும்."

"ஏ தாயி, கேட்டியா? தம்பிக்கு ஸ்ப்ரிங்கு வேண்டாமாம், ஞாயம் வேணுமாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. துரைக்கு இங்கிலீஷில் விளக்கி ஒரு படம் வரைந்து கொடுப்பதாக இருந்தேன். ஸ்ப்ரிங் அழுந்துவது எப்படி, எழுவது எப்படி, எல்லாம் அளவோடு. மழை பிடித்துக்கொண்டது. படம் பாதியில் நின்றது. பிஸ்டல் பழைய ஸ்ப்ரிங்குடனே துரையின் சேணப்பைக்குப் போயிற்று.

3. ஓடைப் பாதை

மழை வெறித்த ஒரு காலை. ஓடைப் பாதையில் மண் சரிந்து தாயி விழுந்துவிட்டது. துரை குதித்துத் தப்பினார். குதிரையின் முன்னங்கால் எலும்பு இரண்டாகப் போயிருந்தது. அப்படி ஆன குதிரை எழுந்திருக்காது. வலி இல்லாமல் சீக்கிரம் முடித்து வைப்பதுதான் செய்யக்கூடியது. சுடலைமுத்துவும் அதைத்தான் கேட்டிருக்கிறார்: "ஒரே வெடியில முடிச்சிருங்க துரை. அவ தெரியாமப் போயிரணும்."

துரை சுட்டார். குறி தவறியதா, குதிரை தலையை உதறியதா தெரியாது. முதல் குண்டு போதவில்லை. இரண்டாவது வெடிக்கவில்லை. அந்தத் தோட்டா பாதி ஏறியதும் ஸ்லைடு நின்றுவிட்டது. பதறிப்போய்த் துரை அதை உள்ளங்கையால் குத்தியதில் தோட்டா கோணலாக இறுகிக்கொண்டது. பங்களாவுக்குப் போய் ரைஃபிள் எடுத்து வருவதைவிடப் பட்டறை பக்கம். எனக்கு ஆள் வந்தது.

குறடோடு ஓடினேன். எவ்வளவு வேகமாக ஓடினேன் என்பதெல்லாம் இப்போது என்ன பிரயோசனம்? போய்ச் சேர்ந்தபோது சுடலைமுத்து சேற்றில் உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் வைத்திருந்தார். அதன் கண்ணைத் தலைப்பாகைத் துணியால் மூடியிருந்தார். "இந்தா வந்துட்டாருடி, இந்தா வந்துட்டாரு," என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். துரை மரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றார்.

பிஸ்டலை வாங்கி, பிடிக்குள் இருக்கும் தோட்டாப்பெட்டியை உருவினேன். மாட்டிக்கொண்ட தோட்டாவைக் குறடால் மெல்ல எடுத்தேன். வேறொன்றை ஏற்றினேன். ஸ்லைடு வழக்கம்போல நகக்கண் அளவு மிச்சம் வைத்து நின்றது. ஸ்ப்ரிங் செய்ய வேண்டிய வேலையைக் கட்டைவிரலால் செய்தேன். மூடியது. துரையிடம் நீட்டினேன்.

இந்த முறை ஒரே வெடி போதுமாயிருந்தது.

4. எப்போது மாற்றுவது

அன்று மாலையே பழைய ஸ்ப்ரிங்கைக் கழற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். ஐயர் பழசை வாங்கிக்கொண்டார். அலமாரியைத் திறந்து புதுசை எடுத்துக் கொடுத்தார். பழசை ஒடிந்த சாமான்கள் கிடக்கும் டின்னில் போடப் போனவர், கையை நிறுத்திக்கொண்டு, "இதை நீயே வச்சுக்கோ," என்றார்.

ஃபிட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சின்னப் பிஸ்டலின் ஸ்ப்ரிங்குக்கு வயதை எண்ணாதீர்கள், சுட்ட தோட்டாக்களை எண்ணுங்கள். காலித் தோட்டா தூரம் போனால் கழற்றிப் பாருங்கள். புதுசின் பக்கத்தில் வைத்துக் குட்டையாகத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். இழுத்து நீட்டிப் போட்டால் சரியாகுமே என்று நினைக்காதீர்கள், சில நாளில் பழையபடி சுருங்கிவிடும். ஒடியட்டும் என்று காத்திருந்தால் ஒடியவே ஒடியாது. அது தளரும். தளர்ந்ததைச் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், முதலில் ஸ்ப்ரிங்கை எப்படியாவது மாற்றுங்கள். ஞாயம் பேச நாள் இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்துச் சுடலைமுத்து பட்டறைக்கு வந்தார். லாயம் காலி. அவரைத் தேயிலை சுமக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

"அந்தக் கம்பி எங்க தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினார். விட்டார். எழுந்து நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் எழுந்தது.

"ஒடியலையா?"

"இல்லீங்க."

"நல்லாத்தான இருக்கு," என்றார்.

புது ஸ்ப்ரிங்கின் அளவு எனக்கு மனப்பாடம். படமும் பாதி வரைந்தது மேஜையிலேயே இருந்தது. விளக்கியிருக்கலாம். அவர் அதை இன்னொரு முறை அழுத்தி விட்டுப் பார்த்துவிட்டு, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.