பையின் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை

ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்து மணி. வெயில் அப்போதே முகத்தில் அடித்தது. கடல்காற்று இன்னும் எழும்பவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் பேத்தி ஜெனி தன் துணிப்பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. அப்பா வந்து அழைத்துப்போக வேண்டிய நாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. அவன் வந்தபோது மணி ஒன்றே கால். என் மகள் ரோஸி கதவைத் திறக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஓயவில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஜெனியின் அப்பா சேவியருக்கு எண்ணூர் பக்கம் கன்டெய்னர் கிடங்கில் வேலை. ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. பிள்ளையை மறைக்கிறார்கள் என்று அவன் மனு போட்டான். அவன் பிள்ளையைப் பார்க்கவே கூடாது என்று மனு போட ரோஸி வக்கீலைத் தேடினாள்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு மூன்று. தூக்கம் போய்விட்டது. மாதா கோயிலில் முழங்கால் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபித்தேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதற்குத் தெம்பு இல்லை. "தாயே, இந்தப் பிள்ளை இனி வாசலில் காத்துக் கிடக்கக் கூடாது" என்று மட்டும் கேட்டேன்.

நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேசைக்கு ஒரு பக்கம் ரோஸி, மறுபக்கம் சேவியர். சமரசம் பேச வந்த அம்மா என்னிடம், "ஐயா, நீங்க இருக்கலாம். பேசக் கூடாது" என்றார். சட்டைப்பைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் இன்னா வேணும்னேவா லேட்டா வரேன்? நைட் டூட்டி முடிஞ்சு வண்டிய எடுத்தா, ரோடு முழுக்க லாரி நின்னுகினு கீது" என்றான் சேவியர்.

"ஆமா, ஊர்ல உனக்கு மட்டும்தான் லாரி. கல்யாணத்தன்னிக்கும் இதே லாரிதான்" என்றாள் ரோஸி.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "காத்திருக்கிற நேரத்துல குழந்தை என்ன பண்ணுவா?" என்று கேட்டார்.

ரோஸி சொன்னாள். "ஷூ போட்டுகினு பை மேல உட்கார்ந்திருப்பா. சாப்பிட மாட்டா. பாத்ரூம் போவ மாட்டா. அந்த நேரம் பார்த்து அப்பா வந்துட்டுப் போயிடுவாருன்னு பயம்."

சேவியர் நிமிர்ந்தான். "பாத்ரூமுக்குக் கூடவா போவ மாட்டா? மாமா, மெய்யாலுமா?"

பேசக் கூடாதே. தலையை ஆட்டினேன். அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

அதன்பிறகு ஒப்பந்தத்துக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நைட் டூட்டி இல்லாத வாரங்களின் சனிக்கிழமை மட்டும். வீட்டில் வேண்டாம், திருவொற்றியூர் ரயில் நிலையத்தில். அவன் எண்ணூரிலிருந்து ரயிலில் வருவான். நான் ராயபுரத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போவேன். வர முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்ய வேண்டும். அவன் மனுவைத் திரும்பப் பெற்றான். ரோஸி வக்கீல் தேடுவதை விட்டாள்.

இருவரும் சேரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. ரயில் நிலையப் படி ஏறி இறங்கி எனக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. ஆனாலும் போன சனிக்கிழமை, ரயில் வருவதற்குள் ஜெனி ஒரு சமோசாவை முழுசாகத் தின்று முடித்தாள். நான் அன்று மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். தேவனுக்கு நன்றி.

தீர்ப்புக்குப் பிறகும் சண்டையில் கிடக்கிறவர்களே, ஜெயிப்பதற்காக அல்ல, பிள்ளைக்காகக் கேளுங்கள். பிறகு போய் அந்த மேசையில் உட்காருங்கள். அங்கே கட்டணம் கிடையாது. எனக்குப் போக வர ஆட்டோ நானூற்று இருபது. வெளியே வந்ததும் சேவியரையும் கூப்பிட்டேன், ஆக மூன்று டீ, நாற்பத்தைந்து. மொத்தம் நானூற்று அறுபத்தைந்து ரூபாய்.