முள்ளைப் படித்துச் சொன்ன அக்கா

போன ஆண்டு கடைசி மழையில், தஞ்சோங் காராங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். பனை எண்ணெய் பிழியும் பழக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் என்னால் உட்கார முடியாது, எழுந்து நின்றுகொண்டுதான் சொல்வேன்.

முதலில் லோரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய டீசல் வண்டி. இடுப்பு உயரச் சக்கரம், காற்று இழுக்கும் குழாய் கூரைக்கு மேலே. நான் வாங்கிய நாளிலிருந்து, எண்ணெய்ப் பெடலை மிதித்தால் விசில் மாதிரி ஒரு சத்தம். நான் சும்மாவே பயந்தவன். பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன். சத்தம் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து, புகைக்குழாயோடு ஒட்டிக்கொண்டு நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்த ஓர் இரும்பைச் சுரண்டினேன். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே இன்னொரு பச்சைப் பெயிண்ட், அதற்கும் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு தகடு. அதில் எண்கள். படம் பிடித்து, கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் போர்மேனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“அது டர்போ லா. இந்த மாடல்ல கெடையாது, ஆர்மிக்காரன் அப்புறமா போட்டிருக்கான். எத்தன நாளா ஓட்டுற?”

“மூணு மாசம்ணே.”

“நிறுத்துனதும் சாவிய அணைச்சுருவியா?”

“ஆமா.”

“பாவம் லா அந்த டர்போ.”

அவர் விளக்கிச் சொன்னார். புகையின் வேகத்தில் அது சுற்றி, இஞ்சினுக்குக் கூடுதலாகக் காற்றை அடைக்குமாம். வேலை செய்யும்போது நெருப்பாய்க் கொதிக்குமாம். உடனே இஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று உள்ளே கருகிவிடுமாம். இரண்டு நிமிடமாவது சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கு ஏது தூக்கம்? இரண்டு மீட்டர் வாங்கி ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தினேன். ஒன்று காற்று எவ்வளவு அடைக்கிறது என்று காட்டும், மற்றது புகையின் சூடு. சூட்டு மீட்டரில் அறுநூற்று ஐம்பதில் என் மனைவியின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டேன். அதைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு வேலை ஏவும் தோட்டத்து மண்டோர் எட்டிப் பார்த்துவிட்டு, “டேய், இது லோரியா, ஐ.சி.யூ.வா?” என்றார். அன்றிலிருந்து என் வண்டிக்கு ஆஸ்பத்திரி லோரி என்றே பேர்.

மழை புதன்கிழமை பிடித்தது. சனிக்கிழமை காலையில் அதே மண்டோர் முட்டியளவு தண்ணீரில் நடந்து வந்து என் கதவைத் தட்டினார். முகத்தில் கேலி இல்லை.

“உன் ஆஸ்பத்திரி லோரிய எடுடா. பின் லயத்து அக்காவுக்கு மூச்சு வாங்குது.”

பின் வரிசை வீட்டில் இருக்கும் அந்த அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, தஞ்சோங் காராங்கில் மிசின் வைத்து இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வியாழக்கிழமை போக முடியவில்லை. புருஷனுக்கு ஜொகூரில் வேலை. மீட்புப் படகு மத்தியானம்தான் வருமாம். அக்காவின் முகம் வீங்கிப் பளபளவென்றிருந்தது. இன்றைக்கும் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மண்டோரும் நானும் அக்காவைத் தூக்கி என் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தோம்; அக்காவும் நானும் மட்டும் கிளம்பினோம். தார் ரோட்டுக்கு நாலு கட்டை, அதாவது நாலு மைல். செம்மண் ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர் வடியும் ஆழமான அல்லூர், அந்தக் கால்வாயும் தெரியாது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே குத்துமதிப்பாகத்தான் ஓட்ட வேண்டும். ஒரு சக்கரம் அல்லூரில் இறங்கினால் அவ்வளவுதான்.

முதல் கட்டை நன்றாகப் போனது. இரண்டாவதில் விசில் சத்தம் மங்கி, ‘புஸ்’ என்று காற்று போகிற சத்தம் கேட்டது. பின்னால் கரும்புகை. காற்று முள் விழுந்துகொண்டிருந்தது, சூட்டு முள் ஏறிக்கொண்டிருந்தது. என் கண் அதை விட்டு நகரவில்லை. அப்போதுதான் இடது சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. எப்படித் திருப்பினேன் என்று தெரியாது.

“தம்பி, நீ ரோட்டப் பாரு. முள்ள நான் பாக்குறேன்.”

“உங்களுக்குத் தெரியாதுக்கா.”

“வாரத்துக்கு மூணு நாளு, நாலு நாலு மணி நேரம், மிசின் நம்பரப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்குறேன். எனக்கா தெரியாது?”

அக்கா படிக்க ஆரம்பித்தார். மூச்சுக்கு ஓர் எண். “ஐநூத்தி இருவது. ஐநூத்தி அறுவது. கால கொஞ்சம் எடு. ம், எறங்குது.” எனக்கு ரோடு மட்டும்தான் மிச்சம். செம்பனை வரிசையின் நடுவைப் பிடித்து ஓட்டினேன். மூன்றாவது கட்டையும் கடந்துவிட்டோம். தண்ணீருக்கு மேலே தெரிந்த ஒரே மேடு, பாலம். அதில் வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போது அக்கா சொன்னார்,

“அறுநூத்தி நாப்பது. நிறுத்து.”

“இன்னும் ஒரு கட்டைதான்கா. போயிருவோம்.”

“கோடு போட்டது யாரு, நானா? நிறுத்து.”

பாலத்தின் மேல் நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை. பானட்டைத் திறந்தால், டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் பாதி கழன்று தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம் அதைக் கழற்றியவனே நான்தான். உள்ளே எண்ணெய்க் கசிவு இருக்குமோ என்று ஒரு சந்தேகம். எண்ணெய் ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டும்போது வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று மனைவி கத்தினாள், கிளிப்பைக் கையால் மட்டும் திருகிவிட்டு ஓடினேன். அப்புறம் மறந்தே போனேன்.

சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ஹோஸை அழுத்தி, கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் முடுக்கினேன். இரண்டு விரல் பொசுங்கியது. மேலே ஏறி உட்கார்ந்து, அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். “அது பாட்டுக்கு இருந்துச்சு. நீதான் சும்மா இருக்க மாட்ட.”

எண்ணெய்ப் பெடலை மிதித்தேன். வந்தது பாருங்கள் அந்த விசில்! பெல்ட் என்று நினைத்து நான் வெறுத்த அதே சத்தம். “காத்து முள்ளு ஏறுது, ஏறுது” என்று அக்கா கதவைத் தட்டினார். நான் ஏதோ பதிலுக்குக் கத்தினேன். சட்டை இல்லாமல், கன்னத்தில் கரியோடு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தார் ரோட்டில் ஏறினோம்.

சிகிச்சை நிலைய வாசலில் தாதி சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார். தராசில் அக்காவின் எடை ஐந்து கிலோ கூடியிருந்ததாம், எல்லாம் தண்ணீர். வாசலை அடைத்து நிற்கிறாய், வண்டியை எடு என்று காவலாளி என்னைத் திட்டினார். “ரெண்டு நிமிஷம்ணே, சூடு எறங்கட்டும்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நாலு மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். முகம் வற்றி, பழைய அக்காவாக. மனதில் உறுத்தியதைக் கேட்டேன்.

“நிறுத்துனா உங்களுக்குத்தானே ஆபத்து. நம்பரக் கொறச்சுச் சொல்லியிருந்தா நான் ஓட்டிக்கிட்டே இருந்திருப்பேனே?”

“ஒருதடவ எவ்வளவு தண்ணி குடிச்சேன்னு தாதிகிட்ட கொறச்சுச் சொன்னேன். ராத்திரியெல்லாம் அந்தத் தண்ணியால யாருக்கு மூச்சு முட்டுச்சு? எனக்குத்தானே. நம்பர்ல போயி பொய் சொல்லலாமா லா?”

இப்போதெல்லாம் ஒரு கிளிப்பை முடுக்கியதும் முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக அதன் மேல் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டு, திரும்பத் திறக்காமல் இருக்கப் பழகி வருகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் பயத்தோடும் ஓட்டலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் நாட்களில், முள் காட்டும் எண்ணை நானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன், கூட்டாமல், குறைக்காமல்.