பவித்ரனுக்குத் தொந்தரவு இல்லை
கண்ணூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரீஜா சிஸ்டருக்கு வாய் நீளம் என்று பெயர். இருக்கட்டுமே! வாய் நீளமில்லாத மகராசர்கள் அங்கே என்ன கிழித்தார்கள் என்று கேளுங்கள்.

பதினான்கு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த பவித்ரன், சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் வருவார். ரீஜா முன்னாலேயே ஒன்றை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். மாத்திரையை ஒளிக்கவில்லை என்று காட்ட ஜெயிலுக்குள்ளே பழக்கிய பழக்கம். வரிசையே சிரிக்கும். "போதும் சேட்டா, மூடுங்க" என்பாள் அவள்.

டாக்டர் தலை நிமிராமல், "தொந்தரவு ஏதாவது உண்டா?" என்பார். பவித்ரன் விறைத்து நின்று, "ஒண்ணுமில்லை சார்" என்பார். ஜெயிலுக்கு அதிகாரி வரும் நாளில் குறை சொன்னவனுக்கு மறுநாள் என்ன கிடைக்கும் என்பது அவர் முதுகுக்குத் தெரியும். படித்த டாக்டருக்கு எங்கே தெரியும்? முதல் மூன்று மாதமும் சீட்டில் 'தொந்தரவு இல்லை' என்று கிறுக்கித் தள்ளினார்.

நாலாம் மாதம் வலது காலில் சுற்றியிருந்த துணியில் ஈ மொய்த்தது.

"அந்தத் துணியை அவிழுங்க சேட்டா."

"ஒண்ணுமில்லை சிஸ்டர்."

"உண்டான்னு நான் கேட்டேனா? அவிழுங்க!"

கட்டைவிரல் கருத்து, புழு நெளிந்தது. ரீஜா டாக்டரைக் கையோடு கூட்டி வந்து காட்டினாள்.

"மூணு தடவை கேட்டேன். அவன்தான் வாயே திறக்கலை" என்றார் டாக்டர்.

"கேட்டீங்க சார். ஒரு தடவை குனிஞ்சு பார்த்தீங்களா?"

பெரிய ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 'கொலைகாரனுக்கு இவ்வளவு உபசாரமா?' என்று கேட்டது ஊர். ரீஜா தன் பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றினாள். ஒருநாள் டாக்டரும் வந்தார், போட்டோ எடுக்க ஆளோடு.

"தொந்தரவு உண்டா?"

பவித்ரன் எழுந்து நிற்கப் பார்த்தார். ரீஜா தோளை அமுக்கினாள். "உட்கார்ந்தே சொல்லுங்க சேட்டா. யாரும் அடிக்க மாட்டாங்க."

"கால் வலிக்குது சார்."

"எந்தக் கால்?"

இல்லாத காலைக் காட்டினார். டாக்டர் சிரித்தார், போட்டோக்காரனும் சிரித்தான். சீட்டில் பழையபடி 'தொந்தரவு இல்லை' விழுந்தது. ரீஜா சீட்டைப் பிடுங்கினாள்.

"எடுத்த காலும் வலிக்கும்னு நர்ஸுக்குப் படிச்ச எனக்கே தெரியும். உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

டாக்டர் முகம் சிவந்து, அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். பவித்ரன் அதைக் கண் கொட்டாமல் பார்த்திருந்தார்.

"சார், கடைவாய்ப் பல்லும் வலிக்குது. ஒன்பது வருஷமா."

வாயைத் திறந்து காட்டினார். ஈறெல்லாம் சீழ். மாதாமாதம் அவள் முகத்துக்கு நேரே திறந்த அதே வாய். நீள வாய் ரீஜாவுக்கு அன்று பேச்சு வரவில்லை.