பின் சீட்டு உறை

ஆயர் ஈத்தாமில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் அந்த ஹைபிரிட் காரை வாங்கி, எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் வீட்டு வாசலில் நான் கொண்டுவந்து நிறுத்திய அன்றே என் கணவர் அதற்கு நாள் குறித்துவிட்டார்.

“அஞ்சு வருஷம் ஓடுனா பெரிய விஷயம் லா. பேட்டரி போச்சுன்னா காரும் போச்சு. அப்புறம் நீ கடைக்கு வந்துடு,” என்றார். பக்கத்தில் நின்ற மாமியார், துக்க வீட்டில் தலையாட்டுவதுபோல் தலையாட்டினார்.

கடை என்பது அவர்கள் குடும்பத்தின் மளிகைக் கடை. கல்யாணமான நாளிலிருந்து அதன் கல்லாவில் என்னை உட்கார வைத்துவிட வேண்டும் என்று தாயும் மகனும் தவம் கிடந்தார்கள். எனக்கோ பாசீர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை. யார் காலையும் பிடித்து வாங்கியதல்ல. போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வரவும் அப்படித்தான். எங்கள் ஊரிலிருந்து ஷிப்ட் நேரத்துக்கு என்னை அங்கே கொண்டுபோய் விடுகிற பஸ்ஸோ ரயிலோ கிடையாது. கார் ஓடினால் வேலை, நின்றால் கல்லா. வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும்.

கார் என்னவோ நல்ல கார்தான். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்துவிடும். பேட்டரியிலேயே சத்தமில்லாமல் ஊர்ந்து போகும். என் கணவரின் லாரி குடிக்கிற டீசலையும் இது குடிக்கிற பெட்ரோலையும் ஒப்பிட்டுக் குத்திக்காட்ட நான் ஒரு சந்தர்ப்பத்தையும் விட்டதில்லை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

மாமியாருக்கு ஒரு வியாதி. எதை வாங்கினாலும் உறை போட்டாக வேண்டும். டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் பை, பிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி, சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு. கார் வந்த முதல் தீபாவளிக்கு அதன் சீட்டுகளுக்கும் உறை தைத்துக்கொண்டு வந்துவிட்டார். மெரூன் நிறம், ஓரமெல்லாம் தங்க ஜரிகை. பின் சீட்டு உறை மட்டும் அளவு மீறிப்போய், பக்கவாட்டில் கதவுவரை இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தது. வேண்டாம் என்றால் ஒரு மாதத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. ஆனால் ஓட்டுகிறவள் என்றைக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்?

நான்காவது வருடம் பின்னாலிருந்து காற்றாடி இரைவதுபோல ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வெயில் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. குளுவாங்கில் ஹைபிரிட் கார்களை மட்டுமே பழுது பார்க்கும் போர்மேன் ஒருவர் இருந்தார். அவரிடம் காட்ட நினைத்திருந்த வாரம் எனக்குக் காய்ச்சல்.

“நீ படு. நான் கொண்டுபோய்க் காட்டிட்டு வரேன்,” என்றார் கணவர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் என்னையே ஓர் அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் திரும்பி வந்தவர், “ஒண்ணும் இல்லையாம். பழைய ஹைபிரிட்னா இப்படித்தான் சத்தம் போடுமாம். கண்டுக்க வேணாம்னாரு,” என்றார். நானும் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடியது. ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில், செனாயைத் தாண்டியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. கார் தெம்பிழந்து, எப்படியோ ஓரம் கட்டி நின்றது. லாரிகள் உரசுவதுபோல் பறந்துகொண்டிருந்த சாலையில் நின்று கணவருக்குப் போன் செய்தேன். எங்கே நிற்கிறாய், அடிகிடி பட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அன்று மாலைக்குள் மாமியார் கல்லா நாற்காலிக்குப் புது மெத்தை வாங்கிவிட்டார், உறையோடு.

இழுவை வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு மறுநாள் நானே குளுவாங்குக்குப் போனேன். போர்மேன் முன்பக்கத்தைத் திறக்கவே இல்லை. நேரே பின்கதவைத் திறந்தார்.

“அலமாக்! அக்கா, இதை இன்னும் எடுக்கலையா நீங்க?”

உறையைத் தூக்கிக் காட்டினார். சீட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். ஜரிகை நூலும் தூசியும் அடைத்துக் கிடந்தன.

“பேட்டரி மூச்சு விடுறதே இது வழியாத்தான் க்கா. இதை மூடுனா சூட்டுல வெந்துடும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன்கிட்ட இப்படியே தூக்கிக் காட்டுனேனே. அப்ப பேட்டரி நல்லா இருந்துச்சு. ஓட்டையைச் சுத்தம் பண்ணிக் குடுத்து, கவரை மட்டும் கழட்டிடுங்க, போதும்னு சொன்னேன். சரி சரின்னுட்டு, மறுபடி அவரே இழுத்து மாட்டிக்கிட்டுப் போனாரு.”

பழுது பார்த்த வேறொரு பேட்டரியை மாட்டச் சொல்லிவிட்டு, அந்த உறையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நேரே கடைக்குப் போய், ஆட்கள் நிற்கும்போதே அதைக் கல்லா மேல் வீசினேன்.

“போர்மேன் உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?”

மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருந்தால்கூடப் பத்து நாள் கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“சொன்னா நீ கழட்டிப் போட்டிருப்பே.”

இரண்டு வருடம். ஒவ்வொரு நாள் காலையிலும் “பார்த்துப் போ” என்று வாசலில் நின்று வழியனுப்பிய மனிதர். நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் அது நின்றாலும், என் பின்னால் எந்த லாரி வந்துகொண்டிருந்தாலும் அவருக்குச் சரிதான். நான் கல்லாவுக்கு வந்தால் போதும்.

“ஒரு சீட் கவருக்கா இத்தனை சண்டை?” என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரை நான் குற்றம் சொல்லவில்லை. மகனை மட்டும் மன்னிக்கவில்லை. இதை எழுதும் இந்த நிமிடம்வரை இல்லை.

கார் கைக்கு வந்த அன்றே, தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரான மாசாயில், கூட வேலை செய்யும் ஒருத்தியின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து என் கணவர் பஸ் பிடித்து வந்தார். கீழே நின்ற காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“இன்னும் ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுது. ஓடலைன்னாலும் இங்க வாசலுக்கே கம்பெனி பஸ் வருது,” என்றேன்.

அவர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். மேலே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை.