துணைக்குப் போகிறவள்

பாறசாலை பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. ஆண்கள் யாரும் உட்காராத நேரத்தில் பெண்கள் அதில் உட்காரலாம். ரத்னபாய் வந்தால் மட்டும் ஆண்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். அவள் எழுந்திரு என்று சொல்லமாட்டாள். குடையை ஊன்றி எதிரே நின்றுகொண்டு, அப்பா சுகமாக இருக்கிறாரா, அம்மைக்கு இருமல் நின்றதா, நீ ஏன் இன்னும் வேலைக்குப் போகவில்லை என்று வரிசையாக விசாரிப்பாள். மூன்றாவது கேள்வியைத் தாக்குப்பிடித்தவன் கிடையாது.

துணைக்குப் போவதுதான் அவள் தொழில். வெள்ளறடைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட ஊர்களில், வயதுக்கு வந்த பெண் எவளும் தனியாகப் பஸ் ஏறக்கூடாது என்று அன்றைக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சர்க்காரும் போட்ட சட்டமல்ல என்பதால் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வீட்டு ஆண்களுக்கு வேலை இருக்கும், அல்லது இருப்பதாகச் சொல்வார்கள். ஆகவே போர்டிங் பள்ளிக்குப் போகிற பிள்ளை, பேறுகாலத்துக்கு வருகிற மகள், கண்ணாடி மாற்றப் போகிற அத்தை எல்லோரையும் ரத்னபாய்தான் கொண்டுபோய் விடுவாள். புருஷன் பொன்னுதாஸ் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தபிறகு அவளுக்கு வந்து வாய்த்த பிழைப்பு இது. கூலி என்று யாரும் சொல்வதில்லை. கப்பைக்கிழங்கு, தேங்காய், கிறிஸ்துமசுக்கு ஒரு சேலை.

ஸ்டாண்டுகளின் குணமெல்லாம் அவளுக்கு மாமியார் குணம் மாதிரி அத்துப்படி. தக்கலையில் குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. மார்த்தாண்டத்தில் சந்தை நாளில் வண்டி ஸ்டாண்டுக்குள் வராது. ஜனங்கள்தான் வண்டி எங்கே நிற்கிறது என்று தேடிப் போகவேண்டும். காட்டாக்கடை வண்டி காலியாக வந்தால் ஏறக்கூடாது, எங்கேயோ கெட்டு நின்று ஆட்களை இறக்கிவிட்டு வருகிறது என்று அர்த்தம். பெண்கள் ஒதுங்க மட்டும் எந்த ஸ்டாண்டிலும் ஓர் இடம் கட்டியிருக்கவில்லை. அதனால் புறப்படுகிற அன்று விடிந்தது முதல் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது அவளுடைய முதல் விதி. இரண்டாவது விதி, கையை விடக்கூடாது.

அது எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு பக்கம் ஊர்வலம், சேரக்கூடாது என்று மறுபக்கம் ஊர்வலம். ரத்னபாயின் ஊரில் ஜெபம் தமிழில் நடக்கும், சண்டை மலையாளத்தில் நடக்கும், கடன் கேட்பது எதில் வாய்க்கிறதோ அதில் நடக்கும். எந்தப் பக்கம் சேரவேண்டும் என்று அவளிடமும் கேட்டார்கள். "கக்கூசு கெட்டித் தாற பக்கம் சேருவோம்" என்றாள். இரண்டு பக்கத்துக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஐம்பத்து நான்காம் வருஷம், மழை விட்ட சமயம், ஆனந்தபாய் அவளைத் தேடி வந்தாள். ஆனந்தபாயின் புருஷன் யோசுவா நெஞ்சில் சீக்கு வந்து கட்டிலோடு கிடந்தார். பெண்கள் மூன்று. மூத்தவள் புஷ்பபாய்க்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்சு படிக்க இடம் கிடைத்திருந்தது. சாப்பாடும் தங்கலும் அங்கேயே. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த பெண்ணுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

"மேட்ரனுக்க கையில பிடிச்சுக் குடுக்கது வரை எனக்க பிள்ளைக்க கைய விட்டுராதீங்க அக்கா. அவ ஒருத்திய நம்பியாக்கும் நாங்க நாலு பேரும் இருக்கோம்" என்றாள் ஆனந்தபாய்.

"நான் எப்பம் விட்டிருக்கேன்?" என்றாள் ரத்னபாய். உண்மைதான். அதுவரை விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஹர்த்தால், வண்டி ஓடாது என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஒருவன் போனான்.

திங்கட்கிழமை விடிகிறபோது இருவரும் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். டைம் கீப்பர் கிருஷ்ணன்குட்டி மட்டும் இருந்தார். வண்டி இல்லாத நாளில் நேரம் பார்க்கிறவருக்கு என்ன வேலையோ, அவர் அன்றைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து ஒரே ஒரு வண்டி போலீஸ் காவலோடு நாகர்கோவிலுக்குப் போகும், சாயங்காலம் அதே வண்டி திரும்பும் என்றார். ரத்னபாய் பெஞ்சில் உட்கார்ந்தாள். விசாரிக்க அன்று ஆண்கள் யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்கிற பக்கத்துப் போராட்டக்காரர்கள் வந்தார்கள். ஆண்கள் ரோட்டின் குறுக்கே படுத்துக்கொண்டார்கள். பெண்கள் பெஞ்சைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி சரோஜம் டீச்சர். "மாமியும் வந்தாச்சா, சந்தோஷம்" என்று ரத்னபாயின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தான் வந்தது வேறு காரியத்துக்கு என்று சொல்ல ரத்னபாய் வாயெடுப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

வண்டி நிறையப் போலீஸ். பின்னால் வந்த லாரியிலும் போலீஸ். லாரிப் போலீசார் இறங்கி, படுத்திருந்தவர்களை ஆளுக்கு நாலு பேராகத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். ரத்னபாய் பெண்ணை இழுத்துக்கொண்டு வாசற்படிக்கு ஓடினாள். கண்டக்டர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்கு எடம் உண்டு. ரெண்டு பேருக்கு இல்ல" என்றார்.

கையை விட்டால் ஆனந்தபாய்க்குக் கொடுத்த வாக்கு போயிற்று. விடாவிட்டால் நாலு பேருடைய சோறு போயிற்று. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"மக்கா, ஏறு" என்றாள் ரத்னபாய். டிரங்குப் பெட்டியை உள்ளே தள்ளினாள். "தக்கலையில இறங்கு. நெய்யூர் வண்டி எதுண்ணு பொம்பளைகிட்ட கேளு. பொம்பள இல்லெங்கி, கையில பிள்ள வச்சிருக்க ஆம்பளைகிட்ட கேளு. ஒண்ணும் சரிவரல்லெங்கி இதே வண்டியில திரும்பி வா. நான் இந்த பெஞ்ச விட்டு அனங்கமாட்டேன்."

புஷ்பபாய் ஏறினாள். வண்டி போய்விட்டது. ரத்னபாய் திரும்பி வந்து, சொன்னபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இறங்கிய போலீசார் இப்போது பெண்களிடம் வந்தார்கள். சமரத்துக்கு, அதாவது போராட்டத்துக்கு, வராதவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்றார் சப் இன்ஸ்பெக்டர். யாரும் எழவில்லை. ரத்னபாயும் எழவில்லை. தனியாக ஒருத்தி பெஞ்சில் இருப்பதைப் பார்த்து அவர், "நிங்ஙள் எந்தினா இவிடெ இரிக்குன்னே?" என்று கேட்டார்.

எதற்கு இருக்கிறாள் என்று சொல்லலாம்தான். ஆனால் வேலிக்கு அப்பால் அவளுடைய சர்ச் சபையில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். வயதுப் பெண்ணைத் தனியாக, அதுவும் ஒரு வண்டிப் போலீசுக்கு நடுவே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அங்கே வைத்துச் சொன்னால், நாளைக்குப் புஷ்பபாயை எவன் கட்டுவான்? அடுத்த இரண்டு பெண்களை எவன் கட்டுவான்? ரத்னபாய் வாயை மூடிக்கொண்டாள். "எழும்பாதீங்க மாமி" என்றாள் சரோஜம் டீச்சர் பெருமையாக. எல்லோரையும் லாரியில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

ஜெயிலில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்கால வண்டியில் பெண் திரும்பி வந்து வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால்? தக்கலையிலேயே ஏதாவது நடந்திருந்தால்? கேட்டுச் சொல்ல ஆள் இல்லை, வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. அவள் தட்டைத் தள்ளி வைப்பதைப் பார்த்து, மாமி உண்ணாவிரதம் இருக்கிறாள் என்று மற்றவர்களும் தட்டைத் தள்ளினார்கள். அவர்கள் நன்றாகப் பசிக்கிறவர்கள். பிற்பாடு அதற்காக அவளை மன்னிக்க அவர்களுக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

கோர்ட்டில், சமரத்தில் சேர்ந்தது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றால் பின்னே எதற்கு அங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். "உண்டு" என்றாள் ரத்னபாய். சில வாரம் தண்டனை கிடைத்தது.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். கம்பிக்கு வெளியே வெள்ளைச் சேலையில் புஷ்பபாய் நின்றாள். ரத்னபாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "ஆரு கூட வந்தே?" என்றாள்.

"ஒத்தைக்கு."

அன்றைக்கு நடந்ததைப் புஷ்பபாய் சொன்னாள். மார்த்தாண்டம் வளைவில் ஒரு ஹெட் கான்ஸ்டபிள்மேல் வாந்தி எடுத்திருக்கிறாள். அவர் தலையிலடித்துக்கொண்டு, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். தக்கலை ஸ்டாண்டில் வண்டியும் இல்லை, பெண்ணும் இல்லை, பிள்ளை வைத்திருக்கிற ஆணும் இல்லை. திங்கள்சந்தைக்கு ஒரு போராட்ட ஊர்வலம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. வழியில்தான் நெய்யூர் என்று அதில் சேர்ந்துகொண்டாள். ஒருவர் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கொடியை இவள் கையில் கொடுத்தார். கொடியோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது மத்தியான மணி அடிக்கவில்லை.

"பாதி தூரம் போலீசு கொண்டு விட்டுது, பாதி தூரம் சமரக்காரங்க கொண்டு விட்டாங்க" என்றாள் புஷ்பபாய்.

"மெதுவா பேசு மக்கா. ஆருக்கெங்கிலும் தெரிஞ்சா?"

"எல்லாருக்கும் தெரியும் மாமி. அம்மைக்கு எழுதிப் போட்டேன். அம்மை ஞாயிறாச்ச கோயில்ல எழும்பி சாட்சி சொல்லிட்டா. எனக்க மகள ஒத்தைக்கு, போலீசுக்கு நடுவுல, கர்த்தர் கொண்டு சேத்தாருண்ணு. அம்மைக்கு ஒங்க பேர்ல ஒரு வருத்தமும் இல்ல."

ரத்னபாய்க்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "அப்பம் நான் எதுக்குட்டி இஞ்ச கிடக்கேன்?"

புஷ்பபாய் வேறு ஒன்று கேட்டாள். "மாமி, இன்னைக்கு வரும்பம் பஸ்ஸுல நினைச்சேன். எங்கள எல்லாம் கொண்டு விட்டுட்டு நீங்க திரும்பி வாறது ஒத்தைக்குத்தானே? ஒங்களுக்கு பேடி இல்லியா?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் பயமாக இல்லையா என்று அவளைக் கேட்டதில்லை. விதவைதானே, அவளுக்கென்ன என்று ஊர் விட்டுவிட்டது. அவளும் அப்படியே விட்டிருந்தாள். இருட்டும் நேரத்தில் தக்கலை ஸ்டாண்டில் குடையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்ற சாயங்காலங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"இருந்துது" என்றாள்.

பிறகு அவள் தொழில் படுத்துவிட்டது. புஷ்பபாய் போனாளே, உனக்கென்ன என்று தாய்மார்கள் பெண்களைத் தனியாகவே பஸ் ஏற்றத் தொடங்கினார்கள். ஐம்பத்தாறில் எல்லையும் விழுந்தது. தக்கலையும் நெய்யூரும் தமிழ்நாட்டுக்குப் போயின. ரத்னபாயின் வீடு கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளைக்கு அப்பால் மேடை போட்டுக் கூப்பிட்டு, தியாகி என்று அவளுக்குத் துண்டு போர்த்தினார்கள். கூட்டம் முடிந்ததும் அவள் துண்டை மடித்துக்கொண்டு கேரளத்துக்கு நடந்து வந்தாள்.

ஆனால் ஜெயிலிலிருந்து விட்ட நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வாசலில் மற்றவர்களுக்கெல்லாம் மாலை வந்திருந்தது. ரத்னபாய்க்குப் புஷ்பபாய் வந்திருந்தாள், மேட்ரனிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு. "ஒத்தைக்குப் போகண்டாம் மாமி, நான் கொண்டு விடுகேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் அவளே விசாரித்தாள், அவளே இடம் பிடித்தாள், ரத்னபாயை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். துணைக்குப் போகிறவள் பஸ்ஸில் கண் மூடக்கூடாது. ரத்னபாய் ஒருநாளும் மூடியதில்லை. அன்றைக்கு அமரவிளைப் பாலம் வருமுன்பே பெண்ணின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

பாறசாலை வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கூவினார். எழுப்ப மனம் வராமல் புஷ்பபாய் அடுத்த ஸ்டாண்டான களியக்காவிளைக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள்.